பெய்ஸ்லி: தறி போன பிறகு ஓர் ஊரில் என்ன மிஞ்சும்?

போன கிழமை தரம் 11 வகுப்பில் கைத்தொழிற் புரட்சி பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். நீராவி இயந்திரம், நூல் நூற்கும் இயந்திரம், விசைத்தறி என்று கரும்பலகையில் வரிசையாக எழுதி முடித்தபோது கடைசி வாங்கில் இருந்த மகன் ஒருவன் எழும்பிக் கேட்டான்.

"சேர், மெஷின் வந்து தறியெல்லாம் போன பிறகு அந்த ஊர் ஆக்களுக்கு என்ன நடந்த?"

பாடப் புத்தகத்தில் அதற்கு இரண்டு வரிப் பதில்தான் உண்டு. ஆனால் கேட்டவன் மருதமுனைப் பிள்ளை. அவனுடைய மூத்தவாப்பா நெசவாளி. வீட்டுப் பின் வளவில் கழற்றி அடுக்கிய தறி ஒன்று இன்னும் கிடக்கிறது. இரண்டு வரியில் அவனை இருத்திவிட எனக்கு மனம் வரவில்லை. "அடுத்த பாடத்தில் சொல்கிறேன்" என்று தப்பித்துக்கொண்டேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நீளமான பதிவு. தேநீரோடு இருந்து வாசியுங்கள்.

முதலில் உங்கள் உம்மாவின் தையல் பெட்டியைத் திறந்து பாருங்கள். கோட்ஸ் என்று எழுதிய நூல்கட்டை ஒன்று இருக்கலாம். பூவேலைக்கு வாங்கிய அங்கர் நூலும் இருக்கலாம். (பால்மா அங்கர் அல்ல, அது வேறு!) அலுமாரியில் மாங்காய் டிசைன் போட்ட சாரியோ சால்வையோ நிச்சயம் இருக்கும். அந்த மாங்காய்க்கு ஆங்கிலத்தில் ஓர் ஊரின் பெயர்தான் பெயர்: பெய்ஸ்லி. கோட்ஸ் நூலும் அங்கர் நூலும் பிறந்தது அதே ஊரில்தான்.

*மடத்துச் சந்தையிலிருந்து*

பெய்ஸ்லி ஸ்கொட்லாந்தில் இருக்கிறது. கிளாஸ்கோ நகருக்கு மேற்கே சுமார் 11 கிலோமீற்றர் தூரம். வைட் கார்ட் என்ற சிறிய ஆறு ஊருக்கு நடுவால் ஓடுகிறது. 1163இல் அங்கே ஒரு கிறிஸ்தவத் துறவி மடம் அமைக்கப்பட்டது. அதைச் சுற்றித்தான் ஊர் வளர்ந்தது. 1488இல் மன்னர் நான்காம் ஜேம்ஸ், மடாதிபதி ஜோர்ஜ் ஷோவுக்கு ஒரு சாசனம் கொடுத்தார். கிழமைக்கு ஒரு நாள் சந்தை கூட்டலாம், வருடத்துக்கு இரண்டு பெருஞ்சந்தை நடத்தலாம், ஊர்க் காரியங்களைப் பார்க்க ஆட்களை நியமிக்கலாம். அதுதான் பெய்ஸ்லியின் உள்ளூராட்சியின் ஆரம்பம்.

பக்கத்து ஊர் ரென்ஃப்ரூவுக்கு இது பிடிக்கவில்லை. அது பெய்ஸ்லியைவிடப் பழைய நகரம். சந்தை வரி தனக்குத்தான் சேர வேண்டும் என்று தகராறு செய்தது. சந்தை யாருக்கு, வரி யாருக்கு, எல்லை எங்கே என்ற சண்டை நமக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்நூறு வருடத்துக்கு முன்பே அங்கே நடந்திருக்கிறது.

1755இல் அந்த ஊரின் சனத்தொகை சுமார் 7,000. 1801இல் 31,000. ஐம்பது வருடத்துக்குள் நான்கு மடங்குக்கும் மேல்! ஸ்கொட்லாந்தின் மலைநாட்டிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். எல்லாரையும் இழுத்தது தறிதான்.

*மாங்காய்ச் சால்வை*

ஆரம்பத்தில் லினன், பிறகு பட்டு, பிறகு பருத்தி மஸ்லின் நெய்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சால்வை வந்தது. காஷ்மீரில் கையால் நெய்த கம்பளிச் சால்வைகளைக் கிழக்கிந்தியக் கம்பனிக்காரர்கள் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோனார்கள். பணக்காரப் பெண்களுக்கு அதில் மோகம் பிடித்தது. விலையோ எட்டாத விலை. அதே மாங்காய் வடிவத்தைப் பார்த்து பெய்ஸ்லி நெசவாளர்கள் மலிவாக நெய்யத் தொடங்கினார்கள். நகல் எடுத்த ஊரின் பெயர் வடிவத்துக்கு நிலைத்தது. கண்டுபிடித்த காஷ்மீரியின் பெயரை யாரும் கேட்கவில்லை. இதை அந்த ஊரின் பெருமை பேசும்போது மறந்துவிடக் கூடாது.

அந்த நெசவாளர்கள் தறியோடு மட்டும் கிடந்தவர்கள் அல்ல. வீட்டிலேயே தறி வைத்து, தன் நேரத்தில் தான் வேலை செய்தார்கள். பத்திரிகை வாங்கி வாசித்தார்கள், அரசியல் பேசினார்கள், கவிதை எழுதினார்கள். ரொபர்ட் டனஹில் என்ற புகழ்பெற்ற கவிஞர் ஒரு நெசவாளி. அலெக்ஸாண்டர் வில்சன் இன்னொருவர். மில் முதலாளி ஒருவரைக் கிண்டலடித்துக் கவிதை எழுதிச் சிறைக்குப் போனார். பிறகு அமெரிக்காவுக்குக் கப்பலேறி, அந்த நாட்டுப் பறவைகளைப் பற்றிய ஆய்வுக்கே தந்தை என்று பெயர் எடுத்தார். தறிக்குழியில் இருந்த மனிதர்கள்தான் இவர்கள்.

ஆனால் ஒரே பண்டத்தை நம்பிய ஊருக்கு ஓர் ஆபத்து உண்டு. அந்தப் பண்டத்துக்குச் சந்தை விழுந்தால் ஊரும் சேர்ந்து விழும்.

*ஊரே வங்குரோத்தான கதை*

1841இல் அது நடந்தது. வியாபாரம் படுத்தது. இரண்டு வருடத்துக்குள் அங்கிருந்த 112 உற்பத்தி நிறுவனங்களில் 67 மூடப்பட்டன. நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது சுமார் 15,000 பேர், அதாவது ஊரில் நான்கில் ஒருவர், நிவாரணத்தை நம்பி இருந்தார்கள்.

அப்போதைய ஸ்கொட்லாந்துச் சட்டம் விசித்திரமானது. கிழவருக்கும் நோயாளிக்கும் உதவலாம். உடம்பில் தெம்புள்ளவன் வேலை இல்லாமல் பட்டினி கிடந்தால், அவனுக்கு உதவி கேட்க உரிமை இல்லை. ஆகவே நன்கொடையை நம்பித்தான் நிவாரணம் நடந்தது. பணமாகக் கொடுத்தால் வீணடிப்பார்கள் என்று சொல்லி பிறகு பொருளாகக் கொடுத்தார்கள். நேற்று வரை கவிதை எழுதிய கை, இன்று ரொட்டிக்கு வரிசையில் நீண்டது. விக்டோரியா மகாராணி பெய்ஸ்லிச் சால்வைகளை வாங்கித் தானும் உடுத்தார். மோகம் திரும்பினால் வேலை திரும்பும் என்பது கணக்கு.

நகர சபையின் நிலை என்ன? 1833 வரை ஸ்கொட்லாந்தின் பழைய நகர சபைகள் பெரும்பாலும் தங்களைத் தாங்களே தெரிவுசெய்துகொண்டன. இருக்கிறவர்களே அடுத்தவர்களைப் பிடித்துப் போடுவார்கள். 1833இல் வாக்குரிமை வந்தது. ஆனால் வருடத்துக்கு பத்து பவுண் வாடகைப் பெறுமதியுள்ள வீட்டுக்காரருக்குத்தான். சாதாரண நெசவாளிக்கு அது எட்டாது. இப்படித் தெரிவான சபை பத்து வருடத்துக்குள் கடனைக் கட்ட முடியாமல் வங்குரோத்தானது. வரி கட்டுகிறவனுக்கு வருமானம் இல்லை என்றால் சபைக்கு எங்கிருந்து வருமானம்? சபையின் பெட்டியும் ஊர் மக்களின் அடுப்பும் வேறு வேறு அல்ல.

*கண்ணுக்குத் தெரியாத நூல்*

என் மாணவன் கண்ணை விரித்துக் கேட்ட பகுதி இதுதான்.

பெய்ஸ்லிச் சால்வையில் பல நிற நூல்கள் ஊடையாக ஓடும். அவற்றைக் கட்டிப் பிடிப்பதற்கு இடையிடையே மிக மெல்லிய நூல் ஒன்றையும் ஓட்ட வேண்டும். 'ஸ்மா ஷொட்' என்பார்கள், 'சின்ன ஓட்டம்' என்று பொருள். நெய்து முடித்தால் அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது இல்லாவிட்டால் சால்வை பிரிந்துபோகும்.

முதலாளிமார் என்ன சொன்னார்கள்? "கண்ணுக்குத் தெரியாத நூலுக்கு நாங்கள் ஏன் கூலி தர வேண்டும்?" நெசவாளி தன் உழைப்பையும் தன் கைக்காசையும் போட்டு அந்த நூலை ஓட்ட வேண்டியிருந்தது. வருடக் கணக்காக வழக்காடினார்கள், முரசு அடித்து ஆள் திரட்டினார்கள், வேலையை நிறுத்தினார்கள். 1856இல் முதலாளிமார் இறங்கி வந்து கூலி தர ஒப்புக்கொண்டார்கள். அந்த வெற்றிக்காக ஜூலை மாதத்து முதல் சனிக்கிழமை ஊருக்கு விடுமுறை நாளானது. இடையில் மங்கிப்போன அந்த நாளை 1980களில் ஊரார் மீண்டும் தொடக்கினார்கள். இன்றும் முரசோடு ஊர்வலம் போகிறார்கள்.

சிரிப்பும் கவலையும் கலந்த விசயம் என்னவென்றால், அவர்கள் வென்று பதினைந்து வருடத்துக்குள் சால்வையே போய்விட்டது. 1870 அளவில் பெண்களின் கவுண் அமைப்பு மாறியது. பெரிய சால்வை அதற்குப் பொருந்தவில்லை. அதே காலத்தில், பிரான்ஸ் யுத்தத்தில் தோற்றுச் சந்தை விழுந்ததால் காஷ்மீர் நெசவாளியும் தெருவுக்கு வந்தான். நகல் எடுத்தவனும் மூலம் நெய்தவனும் ஒரே நேரத்தில் விழுந்தார்கள்.

*நூல் மில்*

ஆனால் பெய்ஸ்லி இந்த முறை விழவில்லை. காரணம், ஊருக்குள் வேறொரு தொழில் ஏற்கனவே வளர்ந்திருந்தது. அதுவும் ஒரு நெருக்கடியில் பிறந்த தொழில்.

1806இல் நெப்போலியன் பிரித்தானியாவுக்கு வணிகத் தடை விதித்தார். பட்டுநூல் வருவது நின்றது. தறியில் பாவு நூல்களைத் தூக்கி இறக்கும் பகுதிக்குப் பட்டுநூல்தான் பாவிப்பார்கள். அதற்குப் பதிலாக வழுவழுப்பான, உறுதியான பருத்தி நூலைக் கிளார்க் குடும்பத்தார் முறுக்கி எடுத்தார்கள். தறிக்கு உதவிய நூல் தையலுக்கும் உதவும் என்று கண்டார்கள். 1812இல் மில் திறந்தார்கள். அதுதான் பிறகு அங்கர் மில் ஆனது. 1826இல் ஜேம்ஸ் கோட்ஸ் என்பவர் ஊரின் மறுபக்கம் ஃபெர்கஸ்லியில் இன்னொரு நூல் மில் தொடங்கினார். 1850களுக்குப் பிறகு தையல் மெஷின் உலகமெல்லாம் பரவியது. மெஷின் இருக்கும் இடமெல்லாம் நூல் வேண்டும். 1896இல் கோட்ஸும் கிளார்க்கும் ஒன்றானபோது அது உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று. உச்சக் காலத்தில் பெய்ஸ்லி மில்களில் மட்டும் பத்தாயிரம் பேர் வரை வேலை செய்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். பாதி நாள் மில், பாதி நாள் பள்ளிக்கூடம் என்று படித்த பிள்ளைகளும் இருந்தார்கள். அதற்கென்றே மில்லோடு சேர்ந்த பள்ளிக்கூடம் இருந்தது. 1901இல் ஊரின் சனத்தொகை 79,000ஐ எட்டியது.

அந்த இரண்டு குடும்பங்களும் அளவில்லாமல் சம்பாதித்தன. அதில் ஒரு பங்கை ஊருக்குத் திருப்பின. தோமஸ் கோட்ஸ் 1868இல் ஒரு பூங்காவைக் கொடுத்தார். பீற்றர் கோட்ஸ் கொடுத்த பணத்தில் 1871இல் நூலகமும் நூதனசாலையும் திறக்கப்பட்டன. ஸ்கொட்லாந்தில் ஒரு நகரசபைக்குரிய முதல் நூதனசாலை அதுதான். 1882இல் கிளார்க் பெயரில் நகர மண்டபம். 1883இல் வானத்தைப் பார்க்க ஓர் ஆய்வுக்கூடம். முதலாளி தந்தார் என்று கல்லில் பெயர் இருக்கிறது. அந்தப் பணத்தை நூலாக முறுக்கிய பெண்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்களும் ஒரு வகையில் 'சின்ன ஓட்டம்' போட்டவர்கள்தான்.

*மில்லும் போன காலம்*

பிறகு அதுவும் போனது. கோட்ஸ் நிறுவனம் கூலி மலிவான நாடுகளில் மில் திறந்தது. ரெடிமேட் உடுப்பு வந்ததால் வீட்டுத் தையல் குறைந்தது. பெய்ஸ்லியில் ஆட்கள் படிப்படியாகக் குறைக்கப்பட்டார்கள். பக்கத்து லின்வூட்டில் 1963இல் திறந்த கார்த் தொழிற்சாலை கொஞ்சம் நம்பிக்கை தந்தது. அது 1981இல் மூடப்பட்டது. 1983இல் ஃபெர்கஸ்லி மில். 1993இல் அங்கர் மில். கோட்ஸ் நிறுவனம் சாகவில்லை. இன்றும் உலகத்துக்கே தையல் நூல் விற்கிறது. நமது நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளிலும் அந்த நூல் ஓடுகிறது. பெய்ஸ்லியில் மட்டும் மில் இல்லை. கம்பனிக்கு உலகமே ஊர். ஊருக்கோ அந்த ஓர் இடம்தான்.

இந்த அடி விழுந்த அதே காலத்தில் உள்ளூராட்சியும் மாறியது. 1975இல் ஸ்கொட்லாந்தின் பழைய நகரசபைகள் எல்லாம் ஒழிக்கப்பட்டன. பெய்ஸ்லிச் சபையும் போனது. ரென்ஃப்ரூ என்ற பெயரில் ஒரு மாவட்ட சபை, அதற்கு மேலே ஸ்ட்ராத்க்ளைட் என்ற பிராந்திய சபை. ஸ்கொட்லாந்து மக்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் அந்த ஒரே பிராந்தியத்துக்குள். வீடு ஒரு சபைக்கு, பள்ளிக்கூடம் இன்னொரு சபைக்கு. 1996இல் இந்த இரண்டு அடுக்கும் சரிவராது என்று எல்லாவற்றையும் கலைத்து, நாடு முழுவதற்கும் 32 சபைகள் அமைத்தார்கள். பெய்ஸ்லி இன்று ரென்ஃப்ரூஷயர் சபைக்குள் இருக்கிறது. ஒருகாலத்தில் சந்தைக்காகச் சண்டை போட்ட அயலூரின் பெயர் சபைக்கு, சபைக் கட்டடம் பெய்ஸ்லியில்! எல்லைச் சண்டைக்குக் காலம் சொன்ன தீர்ப்பு அப்படி.

அந்தச் சபையில் இன்று 43 உறுப்பினர்கள். ஒரு வட்டாரத்துக்கு மூன்று அல்லது நான்கு பேர். வாக்காளர் விருப்ப வரிசை போட்டு வாக்களிப்பதால் சிறிய தரப்புக்கும் இடம் கிடைக்கிறது. பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு, வீதி, குப்பை, நூலகம், பொது வீடமைப்பு எல்லாம் சபையின் பொறுப்பு. ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பதும் சபைதான். (நம்முடைய சபை எனக்குச் சம்பளம் தந்தால் எப்படி இருக்கும் என்று ஒருமுறை யோசித்துப் பார்த்தேன். பிறகு யோசிக்கவில்லை.) ஆனால் பணத்தின் பெரும்பகுதி மேலே உள்ள அரசாங்கத்தின் மானியம். வீட்டு வரி சிறு பங்குதான். பொறுப்பு ஊரில், பணப்பை வேறிடத்தில் என்ற தலையிடி அங்கும் உண்டு.

1960களில் 95,000 வரை போன சனத்தொகை இன்று சுமார் 77,000. நகரசபை இரண்டு யுத்தங்களுக்கு இடையில் கட்டிய ஃபெர்கஸ்லி பார்க் குடியிருப்பு, 2012இலும் 2016இலும் ஸ்கொட்லாந்திலேயே மிக வறிய பகுதி என்று அரசாங்கக் கணிப்பில் வந்தது. ஒருகாலத்தில் உலகத்துக்கே நூல் கொடுத்த மில்லின் பெயரும், நாட்டின் வறுமைப் பட்டியலில் முதல் பெயரும் ஒன்றே.

*மிஞ்சியது என்ன?*

மகனின் கேள்விக்கு இனித்தான் பதில். ஊர் அழியவில்லை. ஊரின் ஓரத்தில் கிளாஸ்கோ விமான நிலையம் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. பல்கலைக்கழகம் இருக்கிறது. சபையே ஒரு பெரிய தொழில் வழங்குநர். அதாவது, இன்று அந்த ஊருக்குச் சோறு போடுவதில் பெரும்பகுதி பொதுச் சொத்து.

தனியார் இலாபமாக இருந்தது கப்பலேறிப் போனது. ஊருக்கென்று எழுதிக் கொடுக்கப்பட்டது மட்டும் ஊரில் நின்றது. பூங்கா, நூலகம், நூதனசாலை, மண்டபம். 2021ஆம் ஆண்டுக்கான பிரித்தானியக் கலாசார நகரம் என்ற பட்டத்துக்குப் பெய்ஸ்லி போட்டியிட்டது. இறுதிப் பட்டியல் வரை வந்து கொவென்ட்ரி நகரத்திடம் தோற்றது. தோற்றும் சோரவில்லை. நகர மண்டபத்தைத் திருத்தினார்கள். மூடிக் கிடந்த கடை ஒன்றைப் புதிய நூலகமாக்கினார்கள். நூதனசாலையைப் பெருஞ்செலவில் புதுப்பிக்க இறங்கினார்கள். அங்கேதான் அந்த மாங்காய்ச் சால்வைகளின் பெரும் தொகுப்பும் தறிகளும் இருக்கின்றன. பழைய நெசவாளர் குடிசைகள் சிலவும் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. அவற்றைக் காட்டி விளக்குவது ஊர்த் தொண்டர்கள்.

நாம் இதிலிருந்து எடுக்க வேண்டியது "பழமையைப் பேணுவோம்" என்ற மேடைப் பேச்சு அல்ல. தொழில் வரும், போகும். போகும்போது ஊருக்கென்று எதை ஒதுக்கி வைத்தோம் என்பதுதான் கேள்வி. வைக்காவிட்டால் பேரப்பிள்ளை இரண்டு வரிப் பாடத்தில்தான் தன் மூத்தவாப்பாவைத் தேட வேண்டும்.

பாடம் முடிந்து அந்த மகன் என்னிடம் வந்தான். "சேர், வாப்பா அந்தத் தறிய விறகுக்குக் குடுக்கப் போற எண்டு சொன்ன" என்றான். அன்று பின்னேரமே அவன் வீட்டுக்குப் போனேன். வாப்பாவோடு பேசினேன். "எங்களுக்கு இடமில்ல சேர், நீங்க கொண்டு போறெண்டா கொண்டு போங்க" என்றார். அதிபரிடம் பேசி, பழைய விஞ்ஞான அறையின் மூலையில் இடம் கேட்டிருக்கிறேன்.

தறிச் சட்டம் இருக்கிறது. பண்ணை, நாடா, மிதிபலகை சிலவற்றைக் காணவில்லை. அதைப் பூட்டத் தெரிந்த பெரியவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், பழைய பாகம் ஏதாவது பரணில் கிடந்தால், கீழே எழுதுங்கள் அல்லது பள்ளிக்கூடத்தில் வந்து சொல்லுங்கள். நெய்தவர்களின் பெயர்களையும் சொல்லுங்கள். ஆண்களின் பெயரோடு நிறுத்திவிட வேண்டாம். நூல் சுற்றிய உம்மாமார், ராத்தாமார், சாயம் போட்டவர்கள், பாவு பிணைத்த பிள்ளைகள் எல்லாருடைய பெயரும் வேண்டும். எழுதி அந்தத் தறிக்குப் பக்கத்தில் மாட்டுவோம்.

கண்ணுக்குத் தெரியாத நூலுக்கும் கணக்கு வேண்டும்.